ரசப்பொடிக்குக் கொடுத்த மூச்சு

என் முகம் யாருக்கும் தெரியாது. குரல்தான் ஊருக்கே தெரியும். லஸ்ஸில் நின்று ஆட்டோவுக்குப் பேரம் பேசும்போது இது ஒரு தொந்தரவு. நான் என்னதான் கறாராகப் பேசினாலும் டிரைவர் பேரத்தை விட்டுவிட்டுக் கண்ணாடியில் என்னையே பார்ப்பார். "இன்னாக்கா, உன் கொரலு எங்கியோ கேட்டா மாதிரியே கீது?" என்பார். ஒருவர் மந்தைவெளியிலிருந்து தேனாம்பேட்டை சிக்னல் வரை யோசித்துக்கொண்டே வந்தார். சிக்னலில் வண்டி நின்றதும் முழுசாகத் திரும்பி, "ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு போன்ல சொல்லிக்கினே இருப்பியே, அது நீதானே? அன்னிக்கு எம்மா நேரம் அமுக்க வெச்சே தெரியுமா?" என்றார். நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். இறங்கும்போது பேரம் பேச வாய் வரவில்லை.

விளம்பரங்களுக்குக் குரல் கொடுப்பது என் பிழைப்பு. சோப்பு, ஊறுகாய், முழங்கால் தைலம், நகைக்கடை, மருத்துவமனை, அபார்ட்மென்ட் எல்லாவற்றுக்கும் பேசியிருக்கிறேன். முழங்கால் தைலத்துக்கு மாமியார், அதே தைலத்தின் இன்னொரு விளம்பரத்துக்கு மருமகள். கோடம்பாக்கத்தில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில், கதவைச் சாத்தினால் தெருச் சத்தமே கேட்காத சின்ன அறை ஒன்று இருக்கிறது. அதற்குள் மைக் முன்னால் நின்றபடி நான் எத்தனையோ குடும்பங்களை நடத்தியிருக்கிறேன்.

இந்தத் தொழிலின் சூட்சுமங்கள் சிலவற்றைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். சிரிப்பு காதுக்குக் கேட்கும். உதட்டை விரித்துக்கொண்டு 'வாங்க' என்று சொல்வதற்கும், சும்மா 'வாங்க' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். விலையைச் சொல்லும்போது குரலை இறக்க வேண்டும். 'இலவசம்' என்பதைச் சொல்வதற்கு முன் துளி இடைவெளி விட வேண்டும், கேட்கிறவர் மனசு அந்த இடைவெளியில் எட்டிப் பார்க்கும். 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்பதை மட்டும் வேகமாகவும் கண்ணியமாகவும் சொல்ல வேண்டும். சட்டத்துக்கு அது கேட்டால் போதும், ஆளுக்குக் கேட்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

இவ்வளவும் தெரிந்த எனக்கு விளம்பரம் பலிக்காது என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு சோப்புக்குக் காலையில் குரல் கொடுத்துவிட்டு, சாயங்காலம் கடையில் நின்று அதே சோப்பை வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்த பிறகுதான் உறைத்தது. அன்று எனக்குச் சிரிப்பு வந்ததைவிட ஆச்சரியம்தான் அதிகமாக வந்தது. நானே பேசிய பேச்சு, நானே போட்ட இடைவெளி, நானே எட்டிப் பார்த்திருக்கிறேன்.

இப்போது என் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்குக் கிண்டியில் வேலை. அடையாறில் பெண்கள் விடுதியில் இருக்கிறாள். எங்கள் வீடு மயிலாப்பூரில். ஒரு பஸ் ஏறினால் வந்துவிடும் தூரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு ஒரு பெண் விடுதியில் இருக்கிறாள் என்றால், அதில் ஒரு சண்டை இருக்கிறது என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். கல்யாணப் பேச்சில் ஆரம்பித்த சண்டை. யார் பக்கம் நியாயம் என்று எழுதப் போனால் நான் என் பக்கம்தான் எழுதுவேன், அதனால் விட்டுவிடுகிறேன். அவள் அப்பா காலமான பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவளும் போன பிறகு குக்கர் விசில் சத்தம்கூட ரொம்பப் பெரிதாகக் கேட்டது.

எங்களுக்குள் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு போன் பேச்சு. மதியம் ஒரு மணிக்கு நான் கூப்பிடுவேன்.

"சாப்ட்டியா?"

"ம்."

"சரி, வெச்சிடறேன்."

அவ்வளவுதான். வேறு எதையாவது பேச ஆரம்பித்தால் பழைய இடத்தில் போய் முட்டிக்கொள்ளும் என்று இருவருக்கும் தெரியும். ஆனால் அந்த 'ம்' எனக்குப் போதுமானதாக இருந்தது. தொழில் புத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட 'ம்' வேறு, சாப்பிடாத 'ம்' வேறு, அழுதுவிட்டு முகம் கழுவின 'ம்' வேறு. அவள் எனக்கு எதையும் சொல்வதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஓர் எழுத்தில் நான் அவளுடைய நாளை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது நின்றுபோனால் எனக்கு அவளிடம் போக வேறு வாசல் கிடையாது.

இந்த நிலையில்தான் ரசப்பொடி விளம்பரம் வந்தது.

தி. நகரில் பெரிய துணிக்கடை வைத்திருக்கும் ஒரு தென்மாவட்டக் குடும்பம் புதிதாக மசாலாத் தொழிலில் இறங்கியிருந்தது. சுடுதண்ணீரில் கரைத்தால் ரசம். இயக்குநர் ஏற்கெனவே சில விளம்பரங்களில் என்னோடு வேலை பார்த்த இளைஞர்தான்; மணி ஒன்றானால் நான் பெண்ணைக் கூப்பிடுவதை அங்கே பார்த்திருக்கிறார். தாடி, மெதுவான பேச்சு, யாரையும் அதட்டியதில்லை. அவர் காட்டிய காகிதத்தில் பேச்சு மொத்தமே இரண்டு வரி. விடுதி அறையில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். போன் வருகிறது. அம்மா 'சாப்ட்டியா?' என்கிறாள். பெண் 'ம்' என்கிறாள். அம்மா ஒன்றும் சொல்வதில்லை. பிறகு ஆவி பறக்கும் ஒரு டம்ளர் ரசம், பொடியின் பெயர், முடிந்தது.

"எனக்கு ஒரே வார்த்தைதானா தம்பி?" என்றேன்.

"வார்த்தை ஒண்ணுதான் மேடம். அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்லாம இருக்கணும். அதுதான் கஷ்டம்," என்றார்.

அவர் சொன்னது சரிதான். காலை முழுக்க 'சாப்ட்டியா' என்று விதவிதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்சலாக, கவலையாக, அவசரமாக, அடுப்படியிலிருந்து கேட்கிற மாதிரி, படுத்துக்கொண்டு கேட்கிற மாதிரி. ஒவ்வொரு தடவையும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவர் தலையைச் சாய்த்து, "நல்லாருக்கு மேடம். ஆனா நடிக்கறீங்க," என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நடிக்கறதுக்குத்தானே தம்பி கூப்பிட்டீங்க? நிஜமாக் கேக்கணும்னா வீட்லயே உக்காந்து கேட்டுக்க மாட்டேனா?" என்றேன். அவர் சிரித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ஒண்ணாகப் போகுது. உங்க பொண்ணுக்குப் போன் பண்ற நேரமாச்சே மேடம். பேசிட்டு வாங்க, அப்புறம் பார்த்துக்கலாம்," என்று சொல்லிவிட்டு, ரெக்கார்டிங் ஓடுகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கை அணைத்தார்.

எங்கள் தொழிலில் முதல் பாடம் ஒன்று உண்டு. மைக் முன்னால் நின்றுகொண்டு வீட்டுக் கதை பேசாதே. சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது என்பதால் மைக் தூங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. இதைப் புதிதாக வருகிற பெண்களுக்கெல்லாம் நான்தான் சொல்லிக் கொடுப்பேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பது சும்மாவா? வெளியே வெயில், உள்ளே ஏசி, சத்தமில்லாத இடம், பசி வேறு. நின்ற இடத்திலேயே போனை எடுத்துக் கூப்பிட்டுவிட்டேன். கேட்டேன். அவள் 'ம்' என்றாள். அது சாப்பிடாத 'ம்' என்று தெரிந்தது. சரி வெச்சிடறேன் என்று வைத்துவிட்டேன்.

வெளியே வந்தபோது அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஒரு மாதிரி கலவரம். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். மைக் ஆன்லதான் இருந்துது. ஒரே ஒரு தடவை கேட்டுடுங்க. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா இப்பவே, உங்க கண் முன்னாடியே அழிச்சுடறேன்," என்றார்.

ஓட்டிக் காட்டினார். 'சாப்ட்டியா?' என்று யாரோ கேட்டார்கள். பெண்ணின் பதில் போனுக்குள்ளேயே நின்றுவிட்டதால் மைக்கில் விழவில்லை, அந்த இடம் காலியாக இருந்தது. அதற்குப் பிறகு ஒரு மூச்சு. உள்ளே இழுத்து, ஏதோ சொல்ல வந்து, பாதியில் நின்று, வேண்டாம் என்று முடிவெடுத்து, மூக்கு வழியாக மெதுவாக இறங்கிய மூச்சு.

நான் ஆடிப்போய்விட்டேன். இத்தனை வருஷம் குரலை வைத்தே சாப்பிட்டவள் நான். என்னிடம் எத்தனை சாமான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். இப்படி ஒரு மூச்சு என்னிடம் இருப்பது எனக்கே தெரியாது. வீட்டை விட்டு அவள் பெட்டியோடு இறங்கிய சாயங்காலம், நான் சொல்லாமல் விட்டது, சொல்லியிருக்கக் கூடாதது, எல்லாம் அதில் இருந்தன. அதைக் கேட்டு எனக்கே அந்த அம்மாவிடம் ஓடிப்போய் உட்கார வேண்டும்போல இருந்தது. அவர் விரலைப் பட்டன்மேல் வைத்துக்கொண்டு, சொன்னால் அழிக்கத் தயாராக நின்றார். அழிக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இவ்வளவு அழகான ஒன்றை யாராவது அழிப்பார்களா? "வெச்சுக்கோங்க," என்றேன்.

சில நாள் கழித்து அதை முதலாளிக்குப் போட்டுக் காட்ட தி. நகர் கடைக்குப் போனோம். அறுபதைத் தாண்டியவர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு கடைப் பையனைக் கூப்பிட்டு, "அம்மாவுக்குக் காபி கொண்டா," என்றார். அதுதான் பாராட்டு.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ரசத்தைப் பத்தி ஒரு வார்த்தைகூட வரலியே," என்றேன்.

"வந்தாத்தானே மேடம் பொய் சொல்ல வேண்டியிருக்கும்?" என்றார் இயக்குநர். விளையாட்டாகத்தான் சொன்னார்.

முதலாளி சிரித்துக்கொண்டே கடையின் நடுவைக் காட்டினார். அங்கே ஒரு குடும்பம் புடவை பார்த்துக்கொண்டிருந்தது. "அங்க பாருங்கம்மா. வந்ததும் உக்கார வெச்சுத் தண்ணி குடுப்போம். புடவையை எடுத்து விரிச்சுப் போட்டுக்கிட்டே இருப்போம். அவங்க வேண்டாம்னு சொன்னாலும் மடிக்க மாட்டோம். மலை மாதிரி குவிஞ்சு கெடக்கும். இத்தனையும் நமக்காகப் பிரிச்சுட்டாங்களேன்னு அவங்க மனசுல ஒரு இது வந்துரும் பாருங்க, அதுக்குப் பொறவு வெறுங்கையோட எந்திரிக்க மனசு வராது. நாங்க ஒரு பொய் சொல்லுதோமா? புடவையும் நல்ல புடவைதான்."

நான் அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரெக்கார்டிங் அறையில் எனக்கும் இதுதான் நடந்தது என்று அப்போது புரிந்தது. ஒரு மணி ஆகிறது என்று இயக்குநர் நினைவுபடுத்தியதுதான் எனக்குக் கொடுத்த தண்ணீர். எனக்கு முன்னால் என்னையே விரித்துப் போட்டுவிட்டு, வேண்டாம் என்றால் மடித்துவிடுகிறேன் என்றார். அனுமதி கேட்டார், உண்மைதான். மறுக்க முடியாத நேரம் பார்த்துக் கேட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது வியப்புதான். திருட்டு என்று சொல்ல முடியாத அளவுக்கு மரியாதையாக ஒருவர் நம் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு போனால் என்ன செய்வது?

திரும்பி வரும்போது காரில் கேட்டேன். "தம்பி, இது சரிதானா?"

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "அன்னிக்கு உங்க பொண்ணுகிட்ட நீங்க கேட்டது உண்மையா, பொய்யா மேடம்?"

"உண்மை."

"உண்மையை வெச்சு வித்தா அதுல என்ன தப்புன்னு நானும் யோசிக்கறேன். தப்பு இருக்கற மாதிரியும் இருக்கு. கண்டுபிடிக்க முடியலை."

என்னாலும் இன்று வரை முடியவில்லை. பொடி போட்டால் நோய் தீரும் என்று சொல்லியிருந்தால் யாராவது வழக்குப் போடலாம். ஒரு தாய் மூச்சு விட்டாள் என்பதற்கு எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

விளம்பரம் வெளியான பிறகு நடந்ததை நான் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். டிவியில் வந்தது, தியேட்டரில் படம் தொடங்குவதற்கு முன் வந்தது, போனில் எதைத் தொட்டாலும் வந்தது. பொடியின் பெயர் வருகிற கடைசித் துண்டை யாரோ வெட்டிவிட்டு, தாய்ப்பாசம் என்று தலைப்புப் போட்டு எங்கள் உறவுக்காரர்கள் வாட்ஸ்ஆப் குழுவிலேயே அனுப்பினார்கள். அடியில் வரிசையாகக் கும்பிடும் கைகள். அது நான்தான் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. காய்கறிக்காரம்மா கத்தரிக்காயை நிறுத்துக்கொண்டே அந்த விளம்பரத்தைச் சொல்லி மூக்கை உறிஞ்சினாள். முதலாளி ஒரு பெட்டி நிறையப் பாக்கெட் அனுப்பிவைத்தார். கரைத்துக் குடித்துப் பார்த்தேன். பரவாயில்லை, பெருங்காயம் தூக்கல்.

ஒரு நாள் பாண்டி பஜார் பக்கம் ஒரு டிபார்ட்மென்ட் கடையில் அந்த அலமாரிக்கு எதிரே நின்று வேடிக்கை பார்த்தேன். கழுத்தில் ஆபீஸ் அட்டையைத் தொங்கப் போட்ட ஓர் இளைஞன் வந்தான். ரசப்பொடியை எடுத்தான். பின்பக்கம் திருப்பி என்ன போட்டிருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே சும்மா நின்றான். பிறகு போனை எடுத்துக் காதில் வைத்தான். "ஒண்ணுமில்லம்மா. சும்மாதான் பண்ணேன். ம். ம். சாப்ட்டேன்." பேசி முடித்துவிட்டு, பாக்கெட்டைக் கூடையில் போட்டுக்கொண்டு போனான்.

கோடம்பாக்கத்தில் ஒரு மூடின அறையில் நான் விட்ட ஒரு மூச்சு, எந்த ஊரிலோ இருக்கும் ஓர் அம்மாவுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்துவிட்டது. அவளுக்குப் போன், முதலாளிக்கு ஒரு பாக்கெட். யார் யாரை ஏமாற்றினார்கள் என்று கணக்குப் போட உட்கார்ந்தால் தலைதான் சுற்றும். அன்று நான் பெருமையோடு வீட்டுக்கு வந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

மறுநாள் மதியம் ஒரு மணிக்குக் கூப்பிட்டபோது பெண் 'ம்' சொல்லவில்லை.

"அம்மா, அந்த ரச விளம்பரத்துல வர்றது நீதானே?"

"ஆமா. எப்படி இருக்கு?"

"அது என்கிட்ட பேசினதுதானே? நான் சாப்பிடாத அன்னிக்கு?"

அது எந்த நாள் என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் அவளுடைய 'ம்'மைப் படித்த மாதிரியே அவளும் என் மூச்சை இத்தனை நாளாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குத் தெரியாமல் என்னிடம் இருந்த அந்தச் சாமான் அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

"அன்னிக்கு நான் சாப்பிடலைன்னு உனக்கு மட்டும்தாம்மா தெரிஞ்சுது. இப்ப ஊருக்கே தெரிஞ்சுபோச்சு," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். "ஆபீஸ்ல எல்லாரும் லஞ்ச் டயத்துல அதே மாதிரி கேட்டுக் கேலி பண்ணிக்கறாங்க. என்னோட அம்மான்னு அவங்களுக்குத் தெரியாது. இப்ப நீ கேட்டாலும் எனக்கு அதுக்கப்புறம் ரசப்பொடி பேர்தான் வரும்போல இருக்கு."

அதன் பிறகு அவள் போனை எடுப்பது குறைந்தது. ஒரு மணிக்கு முன்னாலேயே அவளிடமிருந்து 'சாப்ட்டேன்' என்று செய்தி வந்துவிடும். பக்கத்தில் ஒரு கட்டைவிரல் படம். எழுத்தில் வந்த 'சாப்ட்டேன்'ஐ நான் எப்படித் திருப்பிப் பார்த்தாலும் அதில் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டவளும் அதையே அனுப்பலாம், சாப்பிடாதவளும் அதையே அனுப்பலாம். ஊரில் எல்லா அம்மாக்களுக்கும் போன் வாங்கிக் கொடுத்த நான் என் போனை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பொடி அமோகமாக விற்றது. சாம்பார்ப் பொடிக்கும் அதே மாதிரி ஒன்று எடுக்கலாம் என்று இயக்குநர் கூப்பிட்டார். "அதே மூச்சு மேடம். வேற எதுவும் வேண்டாம்." சரி என்று சொல்லித் தேதியும் கொடுத்துவிட்டேன். இனி விற்க என்ன மிச்சம் இருக்கிறது, போனது போகட்டும் என்று ஒரு வீம்பு.

ரெக்கார்டிங்குக்கு முதல் நாள் காலையில் தெரியாத எண்ணிலிருந்து போன். பெண்ணின் அறைத் தோழி. "ஆன்ட்டி, அவ சொல்லாதேன்னுதான் சொன்னா. மூணு நாளா ஜுரம். நேத்துலேர்ந்து எதுவுமே சாப்பிடலை." நான் பதறிக்கொண்டு பேச ஆரம்பித்ததும், "ஐயோ ஆன்ட்டி, உங்க குரல் நிஜமாவே விளம்பரத்துல வர்ற மாதிரியே இருக்கு," என்றாள். நல்ல நேரம் பார்த்தாள்.

அடையாறு விடுதியில் அவள் சுவர் ஓரமாகச் சுருண்டு படுத்திருந்தாள். நெற்றி கொதித்தது. அறையில் கெட்டில் வைக்கக் கூடாது என்று கதவில் ஒட்டியிருந்தது. கெட்டில் கட்டிலுக்கு அடியில் இருந்தது. பக்கத்தில் குப்பைக் கூடை. அதில் கிழித்துப்போட்ட ரசப்பொடிப் பாக்கெட்டுகள். எங்கள் ரசப்பொடிதான்.

"இதையா குடிச்சே? ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா? பஸ் ஏறினா வந்துடுவேனே," என்றேன்.

கண்ணைத் திறக்காமலே பேசினாள். "பண்ணலாம்னுதான் போனை எடுத்தேன். நீ கேப்பே. அது விளம்பரமாக் கேக்கும்னு பயமா இருந்துது. அப்புறம் இதை வாங்கினேன். இதைக் கரைச்சா நீ பக்கத்துல இருக்கற மாதிரி இருக்கு. ஏன்னு தெரியலை. லூசுத்தனம்தான். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனா இருக்கு."

அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் தெரிந்தவள் அவள். அந்த மூச்சு எந்த நாளில், யாருக்காக விட்டது என்பதுகூடத் தெரிந்தவள். அவளிடமே அது பலித்திருக்கிறது. என்னைப் போனிலிருந்து எடுத்துப் பாக்கெட்டுக்குள் வைத்துவிட்டார்கள். வைத்த கை அவ்வளவு நேர்த்தியான கை. அந்தக் குப்பைக் கூடையைப் பார்த்து எனக்கு வந்தது பயமா, வியப்பா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கோயிலில் கூட்டமெல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் கும்பிடும்போது வருமே, கிட்டத்தட்ட அந்த நடுக்கம்.

கெட்டிலில் தண்ணீர் வைத்தேன். மிளகு இல்லை, சீரகம் இல்லை, தக்காளி இல்லை. ஒரு பாக்கெட் மட்டும் பிரிக்காமல் மிச்சம் இருந்தது. வேறு வழி? பல்லால் கடித்துப் பிரித்துக் கரைத்தேன்.

அந்த நேரம் பார்த்து இயக்குநர் கூப்பிட்டார். "மேடம், நாளைக்குக் காலையில பத்து மணி, ஞாபகம் இருக்கில்ல?"

தொண்டை கட்டிய குரல் என் பெட்டியில் எப்போதும் உண்டு, இருமல் மருந்துக்காகச் செய்து வைத்தது. அதை எடுத்தேன். "தம்பி... முடியலை தம்பி... சுத்தமாக் கட்டிக்கிச்சு... எப்ப சரியாகும்னு தெரியலை. வேற யாரையாவது பார்த்துக்கோங்க." நடுவில் ஒரு செருமல் போட்டேன். அவர் பதறிப்போனார். "ஐயோ, பேசாதீங்க மேடம். ரெஸ்ட் எடுங்க. சூடா ரசம் குடிங்க," என்றார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், கட்டிலில் படுத்திருந்தவளின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிக்கிறாள். ஜுரத்தோடு, சத்தமே இல்லாமல், கண்ணில் தண்ணீர் வர.

டம்ளரைக் கையில் கொடுத்தேன். ரெண்டு வாய் குடித்தாள். போதும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மின்விசிறி சுற்றியது. மணி ஒன்று இருக்கும். அந்தக் கேள்வி என் தொண்டை வரை வந்தது. கேட்கக் கூடாது என்று வாயை இறுக மூடிக்கொண்டேன். கேட்கவில்லை. ஆனால் மூச்சு என் பேச்சைக் கேட்கவில்லை. உள்ளே போனது, பாதியில் நின்றது, மூக்கு வழியாக மெதுவாக இறங்கியது. மைக்கில் ஒரு தடவை கேட்டுவிட்டதால் எனக்கே அது இப்போது அடையாளம் தெரிந்தது.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள், "ம்," என்றாள்.

சாப்பிடாத 'ம்'. பச்சைப் பொய். அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.